ஆவாது என்றவர் காட்டிய வீடு

நல்ல வீடு என்று அவர் சொன்னால் அதை வாங்கக் கூடாது என்று புரிவதற்கே எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புரிந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அந்த விதி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. இன்றைக்கு அவர் உயிரோடு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. இருந்திருந்தாலும் என்ன, கேட்டால் இன்னும் கொஞ்சம் குழப்பிவிட்டுப் போயிருப்பார்.

திருத்தணியில் எல்லோருக்கும் அவர் நைனா. இங்கே பாதி வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதனால் ஊருக்கே அவர் அப்பா என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் தெரியாத பெரியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கச் சோம்பல், அவ்வளவுதான். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. தோளில் எப்போதும் ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்டு. அவருடைய மொபெட் வருவதைச் சித்தூர் ரோட்டின் அந்த முனையிலேயே கேட்கலாம்.

வீட்டுத் தரகராவதற்கு முன்னால் அவர் மாட்டுத் தரகர். ஆந்திரா பக்கம் வாரம் தவறாமல் சந்தைக்குப் போய் வந்தவர். மாடு குறைந்து மனை பெருகிய காலத்தில் தொழிலை மாற்றிக்கொண்டார். தொழில்தான் மாறியது, பேச்சு மாறவில்லை. சந்தையில் வாங்குகிறவன் பக்கம் நிற்கும் தரகர் பிடித்த மாட்டைப் பழிக்க வேண்டும், பிடிக்காத மாட்டைப் புகழ வேண்டும். பிடித்ததைப் புகழ்ந்தால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். பிடிக்காததைப் பழித்தால் அவன் மனசு நோகும், அடுத்த வாரம் அவன் முகத்தில்தானே விழிக்க வேண்டும். நாற்பது வருஷம் இப்படிப் பேசிப் பேசி, நைனாவுக்கு வாய் அந்தப் பக்கமாகவே திரும்பிப்போயிருந்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவரைத் தேடிப் போனபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்ற தரகர்கள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள் என்பதுதான். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடும்போது கொடுத்த பணம் கையில் இருந்தது. அதற்குள் ஒரு தனி வீடு வேண்டும் என்றேன். ஒருவர் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட் காட்டினார். இன்னொருவர் காலி மனை ஒன்றைக் காட்டி, "இதுல ஒரு ஷீட்டு போட்டுக்குங்க சார்" என்றார். சென்னைக்காரர்கள் வந்து வாங்கிப் போட்டதில் ஊரில் விலை எங்கேயோ போய்விட்டது. தனி வீடு என்ற வார்த்தையைச் சொன்னாலே சிரித்தார்கள்.

எனக்கோ தனி வீடுதான் வேண்டும். சுவர் யாருடைய சுவரோடும் ஒட்டியிருக்கக் கூடாது. காரணம் என் மகள் வள்ளி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பேச மாட்டாள். அவளுக்கு இருப்பதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் சொன்னார்கள், அது எங்களுக்குப் பழகவே இல்லை. அவள் சுவரைத் தட்டுவாள். உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையால், ஒரே கதியில், மணிக்கணக்காக. கையைப் பிடித்து நிறுத்தினால் தலையால் முட்டுவாள். ஆகவே பிடிப்பதில்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஐந்து வருஷத்தில் நாங்கள் நான்கு வீடு மாறிவிட்டோம். அப்போது இருந்த வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் பக்கத்துப் போர்ஷனில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருந்தாள். "ஆனி முடியறதுக்குள்ள பாத்துக்குங்க. ஆடியில போகச் சொல்ல எனக்கும் மனசு வராது, நீங்களும் போக மாட்டீங்க" என்று சொல்லிவிட்டார். ஆடி மாதத்தில் இங்கே யாரும் குடி மாற மாட்டார்கள். எங்களுக்கு இருந்தது சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரைதான்.

இதில் எதையும் நான் நைனாவிடம் சொல்லவில்லை. வள்ளியைப் பற்றிச் சொன்னால் வீடு கிடைக்காது என்பது என் அனுபவம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நாங்க மூணு பேருதான் நைனா. சின்னதா இருந்தாப் போதும். சத்தம் இல்லாத எடமா இருக்கணும்" என்றேன்.

"யாரு சத்தம்?" என்றார்.

"யாரு சத்தம்னா?"

"உங்க சத்தமா, ஊரு சத்தமா?"

என்ன கேள்வி இது என்று எரிச்சல் வந்தது. "பொதுவா" என்றேன். "ஆங்" என்றார். டீயை உறிஞ்சி, "இன்னா டீ இது, கழுநீரு" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னொரு டீ சொன்னார். அதைக் கவனித்திருந்தால் எனக்குப் பல அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முதலில் கே.ஜி.கண்டிகையில் ஒரு வீடு காட்டினார். ஓட்டுக்கட்டிடம்தான், ஆனால் நாலு பக்கமும் இடம், ஒரு வேப்பமரம். வீட்டுக்காரர் மகனோடு பெங்களூர் போகிறவர், வாசலில் நின்று வரவேற்றார். நைனா வாசல் வழியாக நுழையவில்லை. நேரே பின்பக்கம் போனார். எந்த வீட்டையும் அவர் பின்னாலிருந்துதான் பார்ப்பார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாலு பக்கமும் ஒரு முறை சுற்றி வருவார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாங்க இது, வூடா? பாத்ரூமு வாசலு கோணையா கீது. தண்ணி சப்புனு கீது. இதுக்குப் போயி இவ்ளோ சொல்றீங்களே, மனசாட்சி வோணாமா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதர் மோர் வேறு கொடுத்திருந்தார். வெளியே வந்து மொபெட்டில் ஏறியதும், "நைனா, நெஜமாவே மோசமா?" என்றேன்.

"மகா மோசம் சார். வூடே இல்ல அது."

தரகர்களில் இப்படி நேர்மையான ஒருவரா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பத்து நாள் கழித்து அந்த வழியாக பஸ்ஸில் போனபோது வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு நர்ஸ் வாங்கிவிட்டாராம். விலையைக் கேட்டேன். எங்கள் பணத்துக்குள் இருந்தது.

நைனா என்னிடம் கோபமாக இருந்தார். "ஏன் சார் வுட்டுட்டீங்க? அப்பிடி ஒரு வூடு இன்னொரு தபா கெடைக்குமா?"

"நீங்கதானே மோசம்னு சொன்னீங்க?"

"ஓனரு பக்கத்துல நின்னுகினு கீறான். வேற இன்னா சொல்லச் சொல்றீங்க?"

"வண்டியில வர்றப்ப கேட்டேனே. அங்க ஓனர் இல்லையே."

அவர் வெகுநேரம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். "அந்த வூட்டு நெனப்புலயே வந்துகினு இருந்தேன் சார்" என்றார் கடைசியில்.

டீக்கடைக்காரர்தான் சந்தைப் பேச்சின் விவரத்தை எனக்கு விளக்கினார். விளங்கியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இனிமேல் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டால் முடிந்தது. அடுத்து ஏரிக்குப் பின்னால் ஒரு வீடு பார்க்கப் போனோம். சொந்தக்காரர் சென்னையில், சாவி எதிர்வீட்டில். புத்தம் புது வீடு, சுற்றிலும் வெட்டவெளி, விலையோ நம்ப முடியாத குறைவு. நைனா பின்பக்கம் போனார், வந்தார், தண்ணீர் குடித்தார். "இது ஆவாது சார்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த முறை ஏமாற மாட்டேன் என்று, அவருக்கும் சொல்லாமல், அன்று சாயங்காலமே சொந்தக்காரரைப் பிடித்து முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சொன்னபோது நைனா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் பாதி ஏரிப் புறம்போக்கில் இருக்கிறதாம். பட்டா கிடையாது. என்றைக்கு வந்து இடிப்பார்களோ தெரியாது. "ஆவாதுன்னு சொன்னேனே சார்."

"நீங்க ஆவாதுன்னா ஆகும்னு அர்த்தம் இல்லையா?"

"ஓனரே இல்லாத எடத்துல நான் எதுக்கு சார் பொய் பேசணும்?"

சொன்னதோடு விட்டுவிடவில்லை. ரயிலேறிச் சென்னை போய், அந்த ஆள் வீட்டு வாசலில் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, நாலாவது நாள் என் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார். எப்படி வாங்கினீர்கள் என்றேன். "ஒண்ணும் கேக்கல. அந்தாளு எவ்ளோ நல்லவருன்னு தெருவுல போறவங்க கிட்டலாம் சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் என் மனைவி நுழைந்தாள். அவள் பொதட்டூர்பேட்டைக்காரி, தறிவீட்டில் பிறந்தவள். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்வேன் என்பாள். துண்டு இடது தோளில் இருந்தால் நைனா தலைகீழாகப் பேசுகிறார், வலது தோளில் இருந்தால் நேராகப் பேசுகிறார் என்று அவள் ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள். நானும் அடுத்த மூன்று வீடுகளுக்கு வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் தோளையே பார்த்தேன். மூன்றாவது வீட்டில் வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். அத்தோடு அந்தக் கணக்கும் போயிற்று.

வீடு மட்டும் என்றில்லை, எதைப் பற்றியும் அவர் பேச்சு அப்படித்தான். மத்தியானம் ஏதாவது மரத்தடியில் மொபெட்டை நிறுத்தித் தூக்குவாளியைத் திறப்பார். "எங்கூட்டுக்காரிக்கு ஒரு கொழம்பு வெக்கத் தெரியாது சார். நாப்பது வருசமா இதான் தலையெழுத்து" என்பார். ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். மூடியில் ஒட்டியிருக்கும் குழம்பையும் விரலால் வழித்துவிடுவார். ஒரு முறை என்னிடமும் ஒரு உருண்டை நீட்டினார். அப்படி ஒரு கத்தரிக்காய் குழம்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. "எப்பிடி கீது?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று சொல்வதா, மோசம் என்று சொல்வதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவைத்தேன்.

ஆனி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் முன்னறிவிப்பில்லாமல் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏதோ ஒரு வீட்டின் பத்திர நகலை என்னிடம் காட்ட வேண்டுமாம். உள்ளே வள்ளி தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துப் போர்ஷனிலிருந்து பதிலுக்கு யாரோ கரண்டியால் சுவரை இடித்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதற்குள் நைனா உள்ளே வந்து நின்றுவிட்டார்.

வள்ளி தட்டுவதை நிறுத்தினாள். எழுந்து வந்தாள். அவர் தோளிலிருந்த துண்டின் முனையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். அவர் இன்னமும் வீட்டில் ஒரு பசு வைத்திருந்தார், அந்த வாசனையாக இருக்கும். இழுத்தாள், துண்டு அவள் கைக்குப் போயிற்று. அவர் அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். தடித்துச் சிவந்திருந்தது. ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று, பக்கவாட்டிலிருந்து கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். வீட்டைப் பார்ப்பது மாதிரியேதான். பிறகு என் பக்கம் திரும்பி, "இது ஆவாது சார். ஒண்ணுத்துக்கும் ஆவாது. இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். உறவுக்காரர்கள் வேறு வேறு மாதிரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, என் வாயிலிருந்தே அது வந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. "என் பொண்ணு என்ன மாடா? வெளிய போய்யா" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் பத்திர நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

மனைவி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "அவர் பேச்சு அப்படித்தானே" என்றாள்.

"எதைச் சொல்ற? திருப்பிப் போட்டா, நேராவா?"

"நல்ல பொண்ணுன்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். நல்ல பொண்ணு என்று அவர் சொல்லியிருந்தால் பிடிக்காத மாடு என்கிறார் என்று நினைத்திருப்பேன். ஆவாது என்றதும் கத்தி விரட்டிவிட்டேன். இந்த மனிதர் வேறு என்னதான் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வள்ளி அந்தத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தபோது மறுபடி மொபெட் சத்தம் கேட்டது. நைனா தெருவிலேயே நின்றார். தோள் வெறுமையாக இருந்தது. அந்தத் துண்டு இல்லாமல் அவரைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது.

"சார்கிட்ட பேச வரல. அம்மாவக் கூப்டுங்க" என்றார்.

என் மனைவி வாசலுக்குப் போனாள். "அம்மையார்குப்பத்துல ஒரு வூடு கீதும்மா. நாலு பக்கமும் சந்து. ஆனா பாக்கவே வோணாம். மனுசன் இருக்கற எடம் இல்ல அது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பார்க்க வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இவ்வளவு தூரம் வருவாரா? மனைவி உள்ளே வந்து வள்ளிக்குத் தலை வாரினாள். "அவளை எதுக்கு?" என்றேன். "அவளுக்குத்தானே வீடு" என்றாள். இத்தனை நாள் வீடு தேடியதில் வள்ளியை ஒரு வீட்டுக்கும் நாங்கள் கூட்டிப்போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தறிச் சத்தம். தெருவுக்குள் போகப் போக அது கூடிக்கொண்டே போனது. நைனா சொன்ன வீட்டுக்கு நாலு பக்கமும் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து இருந்தது. சந்தைத் தாண்டி மூன்று பக்கமும் பவர்லூம் ஓடும் வீடுகள். டக்கு டக்கு என்று நிலமே அதிர்ந்தது. வீட்டுக்காரரும் நெசவாளிதான், தறிகளை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறவர். கூடத்தில் தறி நின்ற இடத்தில் தரையில் போல்ட் ஓட்டைகள் இருந்தன. அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

நைனா அடித்தொண்டையில் கத்தினார். "இன்னா வூடுங்க இது! காது போயிடும்! நாயி கூட படுக்காது! பொழுதன்னிக்கும் இதே சத்தம்!"

"அதான் ஒரு வருஷமா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்று வீட்டுக்காரரும் பதிலுக்குக் கத்தினார்.

எனக்குக் கோபம் திரும்பி வந்தது. சத்தம் இல்லாத வீடு என்றுதானே முதல் நாளே சொன்னேன்? அதைச் சொல்வதற்காகத் திரும்பினேன். வள்ளி கூடத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்தில் நிற்கிறேன், கை போவதும் வருவதும்தான் தெரிகிறது. மனைவி என் கையைப் பிடித்தாள். "கேக்கலங்க" என்றாள். "அவ தட்டறது எனக்குக் கேக்கல."

நானும் காதைக் கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு மாதம் நான் ஊரெல்லாம் அலைந்து தேடியது அவள் தட்டுவது நன்றாகக் கேட்கும் வீடுகளைத்தான். வெட்டவெளியில், வேப்பமரத்தடியில், ஏரிக்கரையில், ஒரு மைலுக்குக் கேட்கும் வீடுகளாகப் பார்த்துப் பார்த்துத் தேடியிருக்கிறேன். உங்க சத்தமா, ஊரு சத்தமா என்று அவர் முதல் நாளே கேட்டார். அப்போதே அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. சும்மா கேட்டாரோ, வாங்குகிறவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வியோ, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

"நைனா" என்று அவர் காதருகே போய்க் கேட்டேன். "சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. நல்ல வூடா, கெட்ட வூடா?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "வூடு சார்" என்றார்.

விலை பேச அவருக்குத் துண்டு இல்லை. சந்தையில் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், வாயால் பேச மாட்டார்கள். நைனா வீட்டுக்கும் அப்படித்தான் பேசுவார். வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புது லுங்கியை எடுத்துக் கொடுத்தார். அதற்கு அடியில் இரண்டு பேரும் கையை விட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் கூரையைப் பார்த்தார்கள். லுங்கி அசைந்தது, நின்றது, அசைந்தது. என் வாழ்நாள் உழைப்பு அதற்குள் என்ன ஆகிறது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். கையை வெளியே எடுத்தபோது வீடு எங்கள் பணத்துக்குள் முடிந்திருந்தது. வெள்ளையடிக்கவும் கொஞ்சம் மிஞ்சியது.

ஆடிக்கு இரண்டு நாள் முன்னால் பால் காய்ச்சினோம். நைனா வேறு ஒரு துண்டு போட்டுக்கொண்டு வந்து சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கத்திய நாளைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

அத்தனை தறியும் ஒரே சமயத்தில் நின்றன. எனக்குக் காது அடைத்த மாதிரி ஆனது. அந்த அமைதியில் வள்ளி தட்டுவது மட்டும் தெருக்கோடிவரை கேட்டது. ஐந்தாவது வீடும் போயிற்று என்றுதான் நினைத்தேன். எதிர்ச் சந்திலிருந்து ஒரு அம்மா, தறியை விட்டு எழுந்து வந்தவர், தலையில் பஞ்சுத் தூசியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். நைனாவை அவருக்கு முன்பே பழக்கம் போலிருக்கிறது.

"யாரு நைனா, நீங்க கொண்டாந்து வுட்ட குடும்பமா? அந்தப் பொண்ணுதான் தட்டுதா? எப்பிடி அது?"

நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் கத்தியது அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுப்பது போல, மெல்ல, சங்கடத்தோடு, "நல்ல பொண்ணும்மா" என்றார்.

எந்தத் தகப்பனும் கேட்க ஆசைப்படும் வார்த்தை அது. அந்த வாயிலிருந்து வந்தபோது, பிடிக்காத மாட்டைப் புகழ்ந்து தள்ளிவிடுவாரே, அதுபோல என் பெண்ணையும் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது.

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வேணாம் நைனா. அன்னைக்கு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அவர் முதுகு நிமிர்ந்தது. சந்தை நடுவில் நிற்கிறவர் போலக் குரலை உயர்த்தினார்.

"இதுவா? ஒண்ணுத்துக்கும் ஆவாது. இத்தப் போயி கேக்கறீங்களே."

அந்த அம்மா "அப்பிடியா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வள்ளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "கரண்டு வர்ற வரிக்கும் எங்களுக்கும் கை சும்மா இருக்காது" என்று சொல்லிச் சுவரில் தானும் இரண்டு தட்டுத் தட்டினார். வள்ளி நிறுத்தவில்லை. பழைய பச்சைக் கட்டத் துண்டு அவள் மடியில் கிடந்தது. நைனா அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் டம்ளர் பாலை அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாலா இது?" என்றார்.

அவள் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.